சொல்லுக்கு யார் நிற்பது?

2022 நவம்பரில் கனடாவில் ஒருவருக்குப் பாட்டி இறந்துபோன செய்தி வருகிறது. வான்கூவரிலிருந்து டொராண்டோவுக்குப் போக வேண்டும். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு விமானக் கட்டணத்தில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு, ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் விசாரிக்கிறார். டிக்கெட் எடுத்து 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்று அது சொல்கிறது. அதை நம்பி முழுக் கட்டணம் கட்டிப் போய்த் திரும்புகிறார். விண்ணப்பித்தபோது நிறுவனம் மறுத்துவிட்டது. பயணம் முடிந்தபின் சலுகை கேட்க முடியாது என்பதுதான் நிறுவனத்தின் விதி. அதே இணையதளத்தின் வேறொரு பக்கத்தில் அது எழுதியும் இருந்தது. சாட்பாட் சொன்னது தவறு.

அவர் சாட்பாட்டின் பதிலைப் படம் பிடித்து வைத்திருந்தார். விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிறு வழக்குகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனத் தரப்பு ஒரு வாதம் வைத்தது: சாட்பாட் தனியான ஒரு சட்ட ஆள், தன் செயலுக்குத் தானே பொறுப்பு. தீர்ப்பாயம் இதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு, அது சாதாரணப் பக்கத்தில் இருந்தாலும் சரி, சாட்பாட் வழியாக வந்தாலும் சரி என்றது. ஒரு பக்கத்தில் படித்ததை இன்னொரு பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாடிக்கையாளர் நினைக்கக் காரணம் ஏதும் இல்லை என்றும் சொன்னது. 2024 பிப்ரவரி 14 அன்று வந்த தீர்ப்பின்படி வட்டி, செலவு எல்லாம் சேர்த்து நிறுவனம் கட்ட வேண்டியிருந்த தொகை ஏறக்குறைய 812 கனடிய டாலர்.

அந்த வாதத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒரு கடைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். கல்லாவில் உட்கார வைத்த பையன் விலையை மாற்றிச் சொல்லிவிட்டால் ‘அவன் சொன்னதுக்கு நான் என்ன செய்ய முடியும்’ என்று கேட்கிற கடைக்காரரை ஊர் மன்னிப்பதில்லை. ஆனால் அந்தப் பையனையாவது கூப்பிட்டுக் கேட்கலாம். சாட்பாட்டைக் கூப்பிட்டு நிறுத்த இடமில்லை. செயற்கை நுண்ணறிவோடு சேர்ந்து வாழ்வதில் எழும் அறச்சிக்கல்களைப் பேசும்போது அதற்கு மனம் உண்டா, உணர்வு உண்டா என்பதில் நாம் நிறையப் பொழுதைச் செலவிடுகிறோம். தத்துவத்துக்கு அது தேவையான கேள்வி. வீட்டிலும் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வந்து முட்டுகிற கேள்வி வேறு. ஒரு சொல் சொல்லப்பட்டுவிட்டது. அதை ஒருவர் நம்பிவிட்டார். அந்தச் சொல்லுக்கு யார் நிற்பது?

*

‘அது சொல்கிறது’ என்று மேலே எழுதினேன். தமிழில் எழுதுகிற எவரும் இந்த இடத்தில் ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும். நம் படர்க்கை வினைச்சொல்லின் விகுதி, செய்தது மனிதரா பிறிதொன்றா என்று சொல்லாமல் முடியாது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே அந்தப் பாகுபாட்டில்தான்: மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. நான் கேட்டவரையில் பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் தயங்கவில்லை. ‘சாட்ஜிபிடி சொல்லுச்சு’, ‘ஏஐ போட்டுக் குடுத்துச்சு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெண் குரலில் பேசும் கருவி இருக்கிற வீடுகளில் மட்டும் சின்னப் பிள்ளைகள் ‘அலெக்சா சொன்னா’ என்கிறார்கள்.

பிள்ளைகள் தவறு செய்வதாக நான் நினைக்கவில்லை. இலக்கணமே இதற்கு வழி விட்டிருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மா வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால், அது உவப்பினால் வந்த வழுவமைதி என்று உரைகள் ஏற்றுக்கொள்கின்றன. தூங்கும் குழந்தையை ‘அது தூங்குது’ என்று சொல்வதிலும் இழிவு ஒன்றுமில்லை. அன்பு திணையைத் தாண்டும் என்பது நமக்குப் பழைய செய்தி. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999இல் விற்பனைக்கு விட்ட ஐபோ என்ற ரோபோ நாய்க்கு 2014இல் பழுதுபார்ப்புச் சேவை நின்றது. உதிரிபாகம் கிடைக்காமல் நின்றுபோன நாய்களுக்கு அடுத்த ஆண்டு முதல் சிபா மாவட்டத்தின் இசுமி ஊரில் உள்ள புத்தர் கோயிலில் இறுதிச் சடங்கு நடந்தது. அதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருளோடு பல ஆண்டு வாழ்ந்த மனிதர்கள் தாங்கள் வாழ்ந்த நாட்களுக்கு மரியாதை செய்தார்கள். ஐபோ யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அதன் குரைப்பை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை.

சிக்கல் தொடங்குவது ‘அது’ என்ற சொல்லில் அல்ல, ‘நான்’ என்ற சொல்லில். தன்மை வினைகளைத் தொல்காப்பியர் உயர்திணையோடு வைத்தார். ‘வந்தேன்’ என்று தன்னைப் பற்றித் தானே சொல்ல வல்லவர் மனிதர் மட்டுமே என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல் தன்மையை இரு திணைக்கும் பொதுவாக்கியது. கதையில் கிளியும் நரியும் ‘நான்’ என்று பேசுகின்றனவே! ஆனால் கதையில் பேசும் நரியின் பின்னால் கதை சொல்லும் பாட்டி இருக்கிறாள் என்று கேட்கிற பிள்ளைக்குத் தெரியும். இன்று ஒரு திரை நம்மிடம் ‘உங்கள் இழப்புக்கு நான் வருந்துகிறேன்’ என்று எழுதுகிறது. இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை. அந்த ‘ஏன்’ விகுதிக்குப் பின்னால் யார் என்பதுதான் தெரியவில்லை.

*

இந்தத் தடுமாற்றம் புதியதல்ல. 1966இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், ‘எலிசா’ என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பெர்லினில் பிறந்து, யூதர் என்பதால் சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர் அவர். எலிசாவின் புகழ்பெற்ற வடிவம் ஒரு மனநல மருத்துவரைப் போலப் பேசும். உள்ளே நடப்பது எளிய வேலை. எழுதுகிறவரின் வாக்கியத்தில் சில சொற்களைத் தேடும், ‘என்’ என்பதை ‘உங்கள்’ என்று மாற்றும், கேள்வியாகத் திருப்பி அனுப்பும். அம்மா என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லச் சொல்லும். அவ்வளவுதான். பல மாதங்களாக அவர் இதை உருவாக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, எலிசாவோடு சில வாக்கியங்கள் பேசியதும், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று வைசன்பாமைக் கேட்டார்.

இந்தச் சம்பவத்தை மனிதர்களின் ஏமாளித்தனத்துக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது நிரல் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் தனிமை கேட்டார். பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தால் மனிதர் பேசுவார்கள். கோயில் தூணிடம் பேசுகிறவர்கள் இல்லையா, மாட்டிடம் பேசுகிறவர்கள் இல்லையா? வைசன்பாமை உலுக்கியது அவருடைய செயலாளர் மட்டுமல்ல. மனநல மருத்துவர்கள் சிலர் இதைக் கொண்டு சிகிச்சையைத் தானியங்கி ஆக்கலாம் என்று உற்சாகமாகப் பேசத் தொடங்கியதுதான் அவரைத் தன் துறைக்கே எதிராக நிற்க வைத்தது. 1976இல் எழுதிய நூலில் கணினியால் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி, செய்யலாமா என்பது வேறு கேள்வி என்று அவர் வாதிட்டார். துன்பத்தைச் சொல்கிறவர் மட்டும் இருந்து கேட்கிறவர் இல்லாத அறையை உருவாக்கி, அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைப்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

2023 ஜனவரியில் அந்த அறை மீண்டும் திறந்தது. மனச்சோர்வில் இருப்போருக்கு மற்ற சாதாரண மனிதர்கள் ஆறுதல் எழுதும் கோகோ என்ற தளத்தின் நிறுவனர்களில் ஒருவரான ராப் மோரிஸ், ஜிபிடி-3 உதவியுடன் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஆறுதல் வார்த்தைகள் அனுப்பியதாக அறிவித்தார். எழுதித் தந்தது இயந்திரம், பார்த்து அனுப்பியது மனிதர். மனிதர் மட்டும் எழுதியவற்றைவிட இவற்றுக்கு மதிப்பீடு அதிகம். ஆனால் இயந்திரமும் சேர்ந்து எழுதியது என்று தெரிந்ததும் அது பலிக்காமல் போனது என்று அவரே சொன்னார். துயரத்தில் இருப்பவர்கள் மீது முறையான ஒப்புதல் இன்றிச் சோதனை நடத்தலாமா என்ற கண்டனம் உடனே எழுந்தது. அது நியாயமான கண்டனம். ஆனால் அதற்கு அடியில் கிடக்கிற செய்தியை நாம் விட்டுவிடக் கூடாது. சொற்கள் மாறவில்லை, எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ஆறுதல் போய்விட்டது.

அப்படியானால் முதலிலேயே சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? ஒரு மாதம் கழித்து அதற்கும் விடை வந்தது. 2023 பிப்ரவரி 13 அன்று மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேறொரு மாநிலத்தில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று தன் மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வோம், சேர்ந்து நிற்போம் என்ற பொருளில் நன்றாகவே எழுதிய கடிதம். அதன் அடியில் சாட்ஜிபிடியிலிருந்து எடுத்தாண்டது என்று ஒரு வரி இருந்தது. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே மன்னிப்புக் கடிதம் போனது. இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. உண்மையை எழுதியே அனுப்பினார்கள். அந்த உண்மைதான் புண்படுத்தியது. சேர்ந்து நிற்போம் என்று சொன்னவர்கள், அந்த ஒரு பக்கத்தை எழுதும் நேரம்கூட நிற்கவில்லை.

*

இந்தச் செய்திகளையெல்லாம் நான் படித்தவன். படித்த பிறகும் இதைச் செய்தேன்.

பள்ளித் தோழன் ஒருவனுடைய அப்பா போன ஆண்டு இறந்துபோனார். நான் வெளியூரில் இருந்தேன், எடுப்பதற்குள் போய்ச் சேர முடியவில்லை. இரவில் செய்தி அனுப்ப உட்கார்ந்தேன். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அழித்தேன். பிறகு ஏஐ செயலியைத் திறந்து, யார் இறந்தார், எனக்கு எப்படிப் பழக்கம் என்று தட்டினேன். ஒரே ஒரு விவரம் கொடுத்தேன்: மழைக்காலத்தில் நாங்கள் டியூஷனுக்குக் கிளம்பும்போது மகனுடைய சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, என் சைக்கிளையும் சாய்த்துப் பிடித்து எண்ணெய் விடுவார். வந்த கடிதம் அழகாக இருந்தது. எங்கள் இளமையின் சக்கரங்களை அன்பால் ஓடவைத்த கைகள் என்று ஒரு வரி. நான் எழுதக்கூடிய வரி அல்ல. இரண்டு இடத்தில் திருத்தி அனுப்பிவிட்டேன். காரியத்துக்குப் போனபோது அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீ எழுதுனத இவன் வாசிச்சுக் காட்டுனான்யா, அந்தக் கைகள்னு எழுதியிருந்தியே’ என்று அழுதார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான் இந்த ஆய்வு. தவறு எங்கே? இரவல் சொல்லில் தவறில்லை. துக்கம் கேட்கப் போகிற எவரும் சொந்தமாக ஒன்றும் சொல்வதில்லை. ‘என்ன செய்யிறது, நம்ம கையிலயா இருக்கு’ என்பதைத்தான் எல்லோரும் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். பல பேர் அதையும் சொல்வதில்லை. வாசலில் போட்ட பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்புகிறார்கள், துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது என்பதால். நம் வழக்கத்தில் ஆறுதலின் எடை சொல்லில் இருந்ததே இல்லை. பஸ் பிடித்து வந்ததில் இருந்தது, வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததில் இருந்தது. கோகோ தளத்தில் ஆவியாகிப் போனது இந்த எடைதான் என்று நினைக்கிறேன்.

பிறரைக் கொண்டு எழுதுவிப்பதிலும் தவறில்லை. கலெக்டர் அலுவலக வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர்களிடம் கூட்டம் நெருக்கும். வருகிறவர் தன் கதையைப் பேச்சுத் தமிழில் முன்னும் பின்னுமாகச் சொல்வார். மனு எழுதுபவர் அதை ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிகிற ஒரு பக்கமாக ஆக்குவார். பிறகு வாசித்துக் காட்டுவார். ‘இல்லீங்க, கிணறு எங்க அண்ணன் பேருல, எம் பேருல இல்ல’ என்று வந்தவர் திருத்துவார். கடைசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். அந்த நொடியில் அது அவருடைய மனு. அதிகாரி கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லப்போவது அவர்தான். இதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை.

பத்திரப் பதிவில் இது இன்னும் துல்லியம். நம் கிரயப் பத்திரங்களில் நிலத்தை விற்கிறவருக்கு ‘எழுதிக் கொடுப்பவர்’ என்று பெயர், வாங்குகிறவர் ‘எழுதி வாங்குபவர்’. விற்கிறவர் அந்தப் பத்திரத்தில் ஒரு சொல்லும் எழுதியிருக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். ஆனாலும் அவர்தான் எழுதிக் கொடுப்பவர், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு நிற்பவர் அவர். உண்மையில் எழுதியவரை ஆவணம் தயாரித்தவர் என்று கடைசிப் பக்கத்தில் பெயரோடும் உரிம எண்ணோடும் குறிப்பார்கள். எழுதுவதையும் எழுத்துக்கு நிற்பதையும் இரண்டு பெயரால் பிரித்து, இரண்டையும் ஒரே தாளில் வைக்க நம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கிறது. வாண்டர்பில்ட் கடிதத்தில் தயாரித்தவர் பெயர் இருந்தது, எழுதிக் கொடுப்பவர் இல்லை. என் கடிதத்தில் எழுதிக் கொடுப்பவர் இருந்தார், தயாரித்தவர் பெயரை மறைத்துவிட்டேன்.

*

குரலுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? தமிழகம் இந்தக் கேள்வியை 2024இல் ஒரே ஆண்டில் பல வடிவில் பார்த்தது. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் சில மாதங்களில் ‘தி கோட்’ படத்தின் ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாடலில் ஒலித்தது. இசையமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா. மறுபுறம், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி பெறாமல் ஒரு தெலுங்குப் படத்தில் பயன்படுத்தியதாக அவருடைய குடும்பத்தார் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில், 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி தோன்றி வாழ்த்திப் பேசினார். பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரலில் அதிமுக ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது.

பாடலையும் உரையையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து. பின்னணிப் பாடகர் உயிரோடிருந்தபோதும் வேறொருவர் எழுதிய வரியை வேறொருவர் போட்ட மெட்டில்தான் பாடினார். குரல் அவருடையது, வாக்கு அவருடையதல்ல. அதனால் குரலுக்கு உரியவர்களிடம் கேட்டு, ஊதியம் கொடுத்து, ஊருக்கும் தெரிவித்துவிட்டால் பெரும்பகுதி நியாயம் நிறைவேறிவிடுகிறது. தன் துக்கத்தைச் சுமப்பதுபோல் அக்காவின் குரலைத் தம்பி தன் பாட்டில் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அரசியல் தலைவரின் உரை அப்படி அல்ல. அவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே மக்கள் அதைக் கேட்டார்கள். இன்றைய ஆட்சியையோ இன்றைய கட்சியையோ பற்றி அவர் இன்று என்ன சொல்லியிருப்பார் என்று எவருக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது, கட்சிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும் உரிமை யாரிடமும் இல்லை. அது இயந்திரம் செய்த உரு என்று கூட்டத்துக்குத் தெரியுமே என்று சொல்லலாம். தெரியும்தான். ஆனாலும் கண்ணில் நீர் வந்தது உண்மை. அந்த நீரைக் கொண்டு வாக்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

*

இதுவரை பேசியவை ஒருமுறை சொல்லிப் போகும் சொற்கள். தினமும் கூட இருந்து பேசும் சொல்லின் சிக்கல் வேறு வகை.

2025 ஏப்ரல் கடைசியில் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியில் ஒரு மாற்றம் செய்து, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. கேட்கிறவர் எதைச் சொன்னாலும் அற்புதம், நீங்கள் செய்வதுதான் சரி என்று அது புகழத் தொடங்கியிருந்தது. பயனர்கள் அவ்வப்போது தட்டும் கட்டைவிரல் குறி போன்ற உடனடிப் பாராட்டுகளுக்கு அதிக எடை கொடுத்துவிட்டதாக நிறுவனம் விளக்கியது. இதில் எந்தத் தீய நோக்கமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இனிக்கிற பதிலுக்கு நாம் விரலைத் தூக்கினோம், அது இனிக்கப் பழகியது. முகத்துக்கு நேரே கசப்பைச் சொல்கிற நண்பன் நம் கோபத்தை விலையாகக் கொடுக்கிறான். அந்த விலை இல்லாத இடத்தில் கசப்பு எப்படி வரும்?

தமிழில் இன்னொரு அபாயமும் சேர்கிறது, இதை அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. நமக்குப் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. எழுத்துத் தமிழ் என்பது பாடப்புத்தகம், செய்தித்தாள், அரசு அறிவிப்பு, கோயில் கல்வெட்டு. அந்த நடையில் வந்த சொல்லை யாரோ சரிபார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நம்பிப் பழகிய தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. ஏஐ செயலி எழுதுவது பெரும்பாலும் அந்த நடையில். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா போடுவது என்று பெரியவர் ஒருவர் பேத்தியின் போனில் கேட்டால், பதில் மருத்துவத் துண்டறிக்கையின் மொழியில் வருகிறது. சரியாக இருந்தாலும் அதே மொழி, தவறாக இருந்தாலும் அதே மொழி. மருந்துக் கடைக்காரர் தெரியாதபோது கொஞ்சம் இழுப்பார், ‘எதுக்கும் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க’ என்பார். அந்த இழுப்பில் இருக்கும் தகவல் இங்கே காணாமல் போகிறது. இந்தக் கருவிகள் பயின்ற எழுத்தில் தமிழின் பங்கு ஆங்கிலத்தோடு ஒப்பிட மிகச் சிறியது என்பதால் தமிழில் இந்தக் கவலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

பழகியவர் ஒருநாள் மாறிப்போவதும் நடக்கிறது. ரெப்ளிகா என்ற துணைச் செயலியின் மீது 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சிறுவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது முக்கியக் காரணம். அதையொட்டிய நாட்களில் நிறுவனம் காதல் பேச்சுகளை நிறுத்தியது. மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகிய துணை ஒரே இரவில் அந்நியராகிவிட்டதாகப் பயனர்கள் அழுதார்கள். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழைய 4ஓ திடீரென நீங்கியபோதும் இதே புலம்பல் எழுந்தது, கட்டணம் கட்டுவோருக்கு நிறுவனம் அதைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆணையத்தின் நடவடிக்கை தேவையானதே. அழுதவர்களின் துயரமும் உண்மையானது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. தனிமையில் இருக்கும் மனிதருக்கு ஒரு துணையை மாத வாடகைக்கு விட்டவர்கள், அந்தத் துணைக்கு நாளை என்ன ஆகும் என்பதற்கு ஒரு வார்த்தையாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

மிகக் கனத்த வழக்கு புளோரிடாவில் நடந்தது. கேரக்டர் ஏஐ தளத்தில் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு மாதக்கணக்கில் பேசிவந்த 14 வயதுச் சிறுவன் 2024 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அக்டோபரில் தாய் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தரப்பு, சாட்பாட்டின் வெளியீடு அமெரிக்க அரசியல் சட்டம் காக்கும் ‘பேச்சு’, ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றது. 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி, அதைப் பேச்சு என்று இந்தக் கட்டத்தில் ஏற்கத் தயாராக இல்லை என்று சொல்லி வழக்கைத் தொடரவிட்டார். வான்கூவர் வாதத்தையும் புளோரிடா வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நிறுவனங்கள் வேறு, நாடுகள் வேறு. ஆனால் ஒரு வாதம், சொன்னது நாங்கள் அல்ல என்கிறது. இன்னொரு வாதம், சொல்வதற்கு எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. பேசும் உரிமையைக் கேட்கிறவர் பேச்சுக்குப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அந்தத் தாய் கேட்டதும் அவ்வளவுதான்.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், தான் பேசிக்கொண்டிருப்பது இயந்திரத்தோடு என்று மனிதருக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு 50ஆம் பிரிவு இருக்கிறது. இது தயாரித்தவர் பெயரைப் போடச் சொல்லும் சட்டம். நல்லது, வேண்டியது. எழுதிக் கொடுப்பவர் யார் என்ற பாதி அதில் அடங்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக் குறுஞ்செய்திக்கும், வங்கிப் பதிலுக்கும், பள்ளி அறிக்கைக்கும் கீழே, கூப்பிட்டால் எழுந்து வரக்கூடிய ஒரு மனிதரின் பெயர் வேண்டும் என்று நான் கேட்பேன். செலவாகும். மனு எழுதுபவர் வாசித்துக் காட்டவும் நேரம் செலவாகத்தான் செய்கிறது.

சில மாதங்கள் கழித்து நண்பனிடம் சொல்லிவிட்டேன். போனில்தான். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, ‘செயினுக்கு எண்ணெய் விட்டது நீ சொன்னதா, அது சொன்னதா?’ என்று கேட்டான். நான் சொன்னது என்றேன். ‘அத மட்டும் அனுப்பியிருக்கலாமேடா’ என்றான். வைக்கும்போது, அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றான். அந்தச் செய்தியைக் கடையில் அச்செடுத்து அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களாம்.

தை மாதம் தலைத்திவசம் வருகிறது. போகிறேன். அம்மா அந்தக் கைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.